சம்பளம் யார் கையில்?

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, எங்கள் வெள்ளவத்தை வீட்டு விறாந்தையில் தரகர் முத்தையா வழக்கம்போலக் கையை நீட்டினார். நான் அவரைத் தாண்டிப் போய், கதவு நிலையோடு ஒட்டி நின்ற பாக்கியத்தின் கையில் மூன்று பத்து ரூபாத் தாள்களை வைத்தேன்.

பாக்கியத்தின் இடுப்பில் என் மகள் மீரா இருந்தாள். ஒன்பது மாதக் குழந்தைக்குத் தாள் என்றால் வாய்க்குள் போக வேண்டிய சாமான். பாக்கியம் காசை எட்டாத உயரத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். பிறகு முத்தையாவைப் பார்த்தாள். கையை இறக்கவில்லை.

“இது வழக்கமில்லீங்களே அம்மா,” என்றார் முத்தையா.

“வேலை செய்யிறது அவதானே,” என்றேன்.

அவர் சிரித்தார். படிக்காத ஆளைப் பார்த்துப் படித்தவர் சிரிக்கும் சிரிப்பு அது. நீட்டிய கையால் மீசையைத் தடவிக்கொண்டு, இவள் தகப்பனுக்கு நான்தான் பதில் சொல்ல வேணும், பாத்துக்கிறேன் என்று சொல்லிப் படியிறங்கினார். போகும்போது வாசல் படலையைச் சாத்தவில்லை. அதுவரை ஒருநாளும் சாத்தாமல் போனதில்லை.

நானே போய் அதை அடித்துச் சாத்தினேன். அந்த ஒரு கிழமையாக நான் விழுங்கி வைத்திருந்த ஆத்திரத்தினால்.

ஒரு பிள்ளையைப் பார்க்க இன்னொரு பிள்ளை

அறுபதுகளின் முற்பகுதி. நான் கொழும்புக் கோட்டைப் பகுதியில் ஒரு கப்பல் கம்பனியின் தொலைபேசிப் பலகையில் வேலை செய்தேன். காதில் கருவியை மாட்டிக்கொண்டு நாள் முழுக்க மற்றவர்களின் பேச்சை இணைத்துவிடுகிற வேலை. என் கணவர் சிவத்துக்கு அநுராதபுரத்துக்கு மாற்றல் வந்திருந்தது. சனிக்கிழமை வருவார், ஞாயிறு பின்னேர ரயிலில் போவார். என் அம்மா காலமாகிவிட்டார். ஊரிலிருந்து வந்து உதவி செய்ய ஒருவரும் இல்லை.

மீரா பிறந்து லீவு முடிகிற நேரத்தில், கம்பனியில் எங்கள் பகுதித் தலைவர் என்னைக் கூப்பிட்டு, பிள்ளை பெற்ற பெண்கள் வேலையை விட்டால் கலியாணமாகாத பெண்களுக்கு ஒரு வாய்ப்புக் கிடைக்குமே என்று பரிவோடு சொன்னார். அவருடைய வீட்டில் சமைக்க ஒருவர், பிள்ளைகளுக்கு ஒருவர், தோட்டத்துக்கு ஒருவர் இருந்தார்கள் என்பது எனக்குத் தெரியும். அந்த வீட்டுத் தொலைபேசிப் பேச்சையெல்லாம் இணைத்துவிட்டது நான்தானே.

பிள்ளை பார்க்க வீட்டோடு ஒரு ஆள் வேணும் என்று எங்கள் சின்னத் தெருவில், அதாவது லேனில், சொன்னதும், எல்லோரும் சொன்ன பெயர் முத்தையா. கிராண்ட்பாஸில் தேத்தண்ணிக்கடை வைத்திருந்தார். மலையகத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து பெண்களைக் கூட்டி வந்து கொழும்பு வீடுகளில் சேர்த்துவிடுவது அவருடைய மற்றத் தொழில்.

முதலில் அவர் கூட்டிக்கொண்டு வந்தது ஒரு சிறுமியை. பத்து வயது இருக்கும். பாவாடையின் இடுப்பை ஊசி குத்திச் சுருக்கியிருந்தார்கள். வந்த களைப்பில் நின்றபடியே கண் சொருகினாள். இவள் மலிவு அம்மா, உடுப்பும் சாப்பாடும் போதும், தகப்பனுக்கு மாதம் ஏதாவது குடுத்தால் சரி என்றார்.

ஒரு பிள்ளையைப் பார்க்க இன்னொரு பிள்ளையா என்று கேட்டேன். எதிர்வீட்டிலும் இப்படித்தானே இருக்கு என்றார் முத்தையா. உண்மைதான். எங்கள் லேனில் பாதி வீடுகளில் பாவாடை கட்டிய பிள்ளைகள்தான் இடுப்பில் பிள்ளை சுமந்தார்கள். அந்த வீட்டுக்காரர் எல்லோரும் தங்கள் பிள்ளைகளைக் கொன்வென்டில் சேர்த்திருந்தார்கள்.

அந்தச் சிறுமிக்குச் சோறு கொடுத்துத் திருப்பி அனுப்பினேன். அவளை முத்தையா ஊருக்கு அனுப்பினாரா, அடுத்த லேனில் விட்டாரா, எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை.

அடுத்த கிழமை வந்தவள் பாக்கியம். இருபத்திரண்டு வயது. தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டம். கொழுந்து பறித்துக் காய்த்த கை, ஆனால் மீராவை வாங்கிய விதத்தில் ஒரு பதற்றமும் இல்லை. தம்பி தங்கைகள் நான்கு பேரை வளர்த்தவள் என்றார் முத்தையா. மாதம் முப்பது ரூபா என்று பேசி முடித்தோம். முதல் மாதச் சம்பளம் தரகுக்கு, அடுத்த மாதத்திலிருந்து முதல் ஞாயிறு தானே வந்து வாங்கித் தகப்பனிடம் சேர்ப்பேன் என்றார். எல்லா வீட்டிலும் அப்படித்தான் என்று லேனிலும் சொன்னார்கள்.

அந்தப் பேச்சு நடந்தது முன்னறையில். பாக்கியம் பின்படியில் பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள்.

அவள் கேட்ட கேள்வி

மீராவுக்கு இரவில் வயிற்றுப் பொருமல் வரும். வீரிட்டு அழுவாள். பாக்கியம் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு கடற்கரைப் பக்கத்து ஜன்னலடியில் நிற்பாள். தண்டவாளத்தில் ரயில் போகிற சத்தம் கேட்டால் மீரா அழுகையை நிறுத்திக் காது கொடுப்பாள். அதைக் கண்டுபிடித்த பிறகு, ரயில் இல்லாத நேரத்திலும் பாக்கியம் தன் வாயாலேயே ரயில் விட்டாள். நான் அடுத்த நாள் வேலைக்குப் போகும் அளவுக்குத் தூங்கினேன் என்றால் அது அவளால்தான்.

ஐந்து மாதம் போயிற்று. ஒரு பின்னேரம் நான் வேலையால் வந்து சேலை மாற்றிக்கொண்டிருக்கையில், மீராவின் நப்கின் மடித்துக்கொண்டிருந்த பாக்கியம் நிமிராமலே கேட்டாள்.

“அக்கா, எனக்குச் சம்பளம் எவ்வளவுங்க?”

விளங்கவில்லை எனக்கு. சம்பளத்தைக் கூட்டிக் கேட்கிறாள் என்று நினைத்தேன். இல்லை. அவளுக்கு உண்மையிலேயே தெரியாது. முத்தையா சொல்லவில்லை. கேட்டதற்கு, ஒனக்கு எதுக்கு அது, அப்பாவுக்குத் தெரியும் என்றிருக்கிறார்.

முப்பது ரூபா என்று சொன்னேன். அவள் மடித்த நப்கினைப் பிரித்துத் திரும்ப மடித்தாள். பிறகு மெதுவாக, வீட்டில் அம்மாவுக்கு நெஞ்சுச் சளி, மருந்து வாங்கக் காசில்லை என்று தங்கச்சி ஆள்விட்டுச் சொல்லியிருக்கிறாள், முப்பது ரூபா போகிற வீட்டில் அது எப்படி என்று யோசித்தேன் என்றாள்.

ஒருத்தி இரவும் பகலும் உழைக்கிறாள். அவளுடைய உழைப்புக்கு என்ன விலை என்று தரகருக்குத் தெரியும், எனக்குத் தெரியும், லேன் முழுக்கத் தெரியும். அவளுக்கு மட்டும் தெரியாது. இதை யாரும் களவு என்று சொல்வதில்லை. வழக்கம் என்கிறார்கள்.

அப்படித்தான் அந்த ஞாயிறு வந்தது. இனிமேல் சம்பளம் அவள் கையில், ஞாயிறு அவளுக்கு லீவு என்று முடிவு செய்தேன். திங்கள் அன்று தபாற்கந்தோருக்குப் போய், இருபத்தைந்து ரூபாவைத் தகப்பன் பெயருக்கு மணியோடர் அனுப்பினோம். மிச்ச ஐந்தில் பாக்கியம் வெள்ளவத்தை மார்க்கெட்டில் ஒரு சோடி றப்பர் செருப்பு வாங்கினாள். வீடு வரும்வரை அதைப் போடவில்லை. கையில்தான் கொண்டு வந்தாள்.

லேன் கூடியது

என் வீட்டில் நான் கொடுக்கிற சம்பளம் மற்றவர்களை எப்படிச் சுடும் என்று நான் எண்ணிப் பார்த்ததில்லை. அடுத்த கிழமையே எதிர்வீட்டுப் பூமணி அக்கா வந்தார். பெரிய மாடிவீடு, கணவர் ஓய்வுபெற்ற உத்தியோகத்தர். மகனும் மருமகளும் வேலைக்குப் போக, பேரன் அவருடைய பொறுப்பில் இருந்தான். உண்மையில் பேரன் இருந்தது ஒரு சிறுமியின் இடுப்பில்.

கையோடு பலகாரம் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டுச் சொன்னார்:

“பிள்ளை, நீர் செய்யிறது நல்லதெண்டு நினைச்சுச் செய்யிறீர். ஆனா இது லேனுக்கே கூடாது. இண்டைக்குக் காசைக் கையில குடுத்தா, நாளைக்கு எல்லாரும் கேப்பாளவை.”

கேட்கட்டுமே என்றேன்.

முப்பது ரூபாவே அதிகம் என்றார். நல்ல வீட்டில் இருக்கிறார்கள், நல்ல சாப்பாடு சாப்பிடுகிறார்கள், பழைய உடுப்பெல்லாம் கிடைக்கிறது, அதெல்லாம் சம்பளம் இல்லையா என்றார். ஞாயிறு லீவு கொடுத்தால் சினிமாவுக்குப் போவார்கள், பிறகு என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை என்றார். அவர் சொல்லத் தேவையில்லாத அந்த விஷயத்தை எல்லோரும் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள்.

முத்தையா சும்மா இருக்கவில்லை. இந்த லேனுக்கு இனி ஆள் கொண்டுவர மாட்டேன் என்று அறிவித்துவிட்டார். அந்தக் கோபமும் என் தலையில் விழுந்தது. பிள்ளைக்குப் பால்மா வாங்கக் கடைக்குப் போனால் பேச்சு நிற்கும். சிவம் சனிக்கிழமை வந்து கேட்டுவிட்டு, உம்முடைய பக்கம் நியாயம் இருக்கு, ஆனால் எல்லாரோடும் ஏன் பகை என்றார். அவருக்குச் சொல்வது சுகம். ஞாயிறு பின்னேரம் ரயில் ஏறிவிடுவார்.

துண்டில் முடிந்த காசு

மணியோடர் அனுப்பி இரண்டு கிழமை இருக்கும். சனிக்கிழமை, எனக்கு வேலை இல்லாத காலை. படலையடியில் ஒருவர் நின்றார். வேட்டிக்கு மேலே கறுத்தக் கோட்டு, தோளில் துண்டு, இரவு ரயிலில் உட்கார்ந்து வந்த கண்கள். உள்ளே வாங்கோ என்றேன். படிவரை வந்தார், வீட்டுக்குள் வரவில்லை.

“எம் புள்ளைய என்ன வேலைக்கு வச்சிருக்கீங்க?” என்று கேட்டார்.

குரல் உயரவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. நான் பிள்ளை பார்க்க என்று தொடங்கினேன். அவர் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. துண்டின் முனையை அவிழ்த்தார். முடிச்சு இறுகியிருந்ததால் அவிழ நேரம் எடுத்தது. உள்ளே நாங்கள் அனுப்பிய இருபத்தைந்து ரூபா, அப்படியே மடித்தபடி. குனிந்து விறாந்தைப் படியில் வைத்தார்.

“இந்தக் காச நாங்க தொடல. பொண்டாட்டி இருமிக்கிட்டுக் கெடக்கா. இருந்தாலும் தொடல. வயசுப் புள்ளைக்கு இவ்வளவு காசு ஏது?”

குரல் கேட்டுப் பாக்கியம் மீராவோடு வெளியே வந்தாள். தகப்பனைக் கண்டதும் முகம் மலர்ந்து, படியில் கிடந்த காசைக் கண்டதும் வாடியது. என்ன நினைத்து வந்திருக்கிறார் என்று என்னைவிட முதலில் அவளுக்கு விளங்கிவிட்டது.

“அது எஞ் சம்பளம்பா,” என்றாள். “முழுச் சம்பளங்கூட இல்ல. செருப்பு வாங்கிட்டேன்.”

“சம்பளம் பத்து ரூவாதான?”

மீரா அவருடைய கோட்டுப் பொத்தானை எட்டிப் பிடிக்கப் பார்த்தாள்.

நான்தான் சொன்னேன். முதல் மாதம் தரகு, அதற்குப் பிறகு மாதம் தவறாமல் முப்பது ரூபா முத்தையா கையில் கொடுத்தேன் என்று. அவர் திரும்பச் சொல்லச் சொன்னார். சொன்னேன். மாதம் பத்துத்தான் தோட்டத்துக்குப் போயிருக்கிறது. சம்பளம் நின்றதும் முத்தையா ஆளனுப்பி, உன் மகள் கெட்ட சகவாசத்தில் விழுந்துவிட்டாள், அந்த வீட்டம்மாவும் சரியில்லை என்று சொல்லியிருக்கிறார். அடுத்து இருபத்தைந்து ரூபா மணியோடர் போனால் ஒரு தகப்பன் வேறு என்ன நினைப்பார்? நேர்மையாக உழைத்த காசே அவளுக்கு எதிராகச் சாட்சி சொல்லிவிட்டது.

அவர் படியில் உட்கார்ந்தார். பாக்கியம் தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தாள். பாதி குடித்த பிறகுதான் மிச்சத்தையும் சொன்னார். மனைவியின் வைத்தியத்துக்கு அந்தப் பத்து ரூபா போதாமல் கடன் வாங்கியிருக்கிறார். வட்டிக்கு. கொடுத்தவர் முத்தையா.

மகளுடைய சம்பளத்தை எடுத்துத் தகப்பனுக்கே வட்டிக்குக் கொடுத்திருக்கிறான் அந்த மனிதன். இத்தனை வருடம் கழித்தும் இந்த இடத்தில் மட்டும் ‘அவர்’ என்று எழுத எனக்கு வரவில்லை.

கிராண்ட்பாஸில்

பொலிசுக்குப் போவோம் என்று நான் நின்றேன். பாக்கியம் வேண்டாம் என்றாள். பொலிஸ் எங்க பேச்சக் கேக்க மாட்டாங்கக்கா, அந்தக் கடைக்கு வர்றவங்க கேப்பாங்க என்றாள்.

அடுத்த நாள் ஞாயிறு. மீராவைச் சிவத்திடம் விட்டுவிட்டு மூன்று பேரும் பஸ் ஏறினோம். கிராண்ட்பாஸ் தெருவில் ஞாயிறு காலை நிற்க இடம் இருக்காது. முத்தையாவின் கடையிலும் கூட்டம். பாதிப் பேர் மலையகத்திலிருந்து கொழும்புக்கு வேலைக்கு வந்தவர்கள். அவர்களில் சிலர் தங்கள் தங்கைகளையும் மகள்களையும் அவர் மூலம் வீடுகளில் விட்டிருந்தவர்கள்.

தகப்பன் வாசலில் தயங்கினார். பாக்கியம் உள்ளே போனாள். சத்தம் போடவில்லை. எல்லோருக்கும் கேட்கும்படி ஒரு கேள்விதான் கேட்டாள்.

“அண்ணே, இந்த அக்கா ஒங்க கையில மாசம் எவ்வளவு குடுத்தாங்க? அத மட்டும் சொல்லுங்க.”

முத்தையா கணக்குச் சொல்லத் தொடங்கினார். ரயில் செலவு என்றார், தரகு என்றார், ஆபத்து அந்தரத்துக்கு நான்தானே பொறுப்பு என்றார். பாக்கியம் மறுபடியும் அதே கேள்வியைக் கேட்டாள். அவர் என்னைப் பார்த்தார். முப்பது என்று நான் சொன்னேன்.

மூலையிலிருந்த ஒருவர் எழுந்து, அப்போ என் தங்கச்சிக்கு எவ்வளவு குடுக்கிறாங்க என்று கேட்டார். இன்னொருவர் எழுந்தார்.

அன்றைக்கு முத்தையா கடையைப் பகலிலேயே பூட்ட வேண்டி வந்தது. பூட்டுவதற்கு முன், தகப்பனுடைய கடன் முடிந்துவிட்டது என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். எடுத்த காசு திரும்பி வரவில்லை. கேட்டு வாங்கியிருக்க வேண்டும். நான் இன்னும் கொஞ்சம் நின்று கத்தியிருப்பேன். பாக்கியம்தான், பஸ் போயிரும் வாங்கக்கா என்று கையைப் பிடித்து இழுத்தாள். தகப்பன் அன்றிரவே ஊர் திரும்பினார். அந்த இருபத்தைந்து ரூபாவைத் திரும்பவும் துண்டில் முடிந்துகொண்டு போனார்.

எதிர்வீட்டு அழைப்பு

இத்தோடு கதை முடிந்திருந்தால் நான் நல்ல மனிசி என்ற நிறைவோடு இருந்திருப்பேன்.

கடையில் நடந்தது காற்றில் பரவியது. அந்த மாதத்துக்குள் லேனில் பல வீடுகளுக்கு அண்ணன்மாரும் தகப்பன்மாரும் வந்தார்கள். சிலர் சம்பளம் பேசி, பெண்ணை அங்கேயே விட்டுவிட்டுப் போனார்கள். சிலர் கூட்டிக்கொண்டு போனார்கள். பூமணி அக்காவின் வீட்டுச் சிறுமியை அவளுடைய அண்ணன் வந்து கூட்டிக்கொண்டு போனான். பேரன் பூமணி அக்காவின் இடுப்புக்கு வந்தான்.

ஒரு நாள் பின்னேரம் பாக்கியம் என் முன்னால் வந்து நின்றாள். கையில் நப்கினோ போத்தலோ ஒன்றும் இல்லை. அப்படி அவளை நான் கண்டதில்லை.

“எதிர்வீட்டு அம்மா நாப்பது ரூவா தர்றேங்கிறாங்கக்கா,” என்றாள். “ஒங்ககிட்ட சொல்லாம போக மாட்டேன். அதான் சொல்றேன்.”

செருப்பைக் கூடச் சரியாக மாட்டாமல் எதிர்வீட்டுக்குப் போனேன். முப்பது ரூபாவே அதிகம் என்று பலகாரத்தோடு வந்து சொன்ன அதே மனிசி, பேரனைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே சொன்னார்:

“நல்ல ஆளுக்கு நல்ல சம்பளம் குடுக்கத்தானே வேணும் பிள்ளை. நீர்தானே சொன்னனீர்.”

வீட்டுக்குத் திரும்பி வந்து கணக்குப் பார்த்தேன்.

என்னால் நாற்பது கொடுக்க முடியாது. வீட்டு வாடகையும் சிவத்தின் அநுராதபுரச் செலவும் போக மிஞ்சுவது அவ்வளவுதான். முப்பத்தைந்து என்றேன். பாக்கியம் யோசித்தாள். மீராவின் கால் விரல்களைப் பிடித்துக்கொண்டு கனநேரம் யோசித்தாள். பிறகு, அம்மாவுக்கு மாசாமாசம் மருந்து வாங்கணும்கா, அஞ்சு ரூவா வித்தியாசம்னா சும்மா இல்ல என்றாள்.

அவள் முகத்தைப் பார்த்து எப்படிக் கோபிப்பது? ஆனாலும் கோபம் வந்தது. என் பிள்ளை உன்னைத் தேடமாட்டாளா என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. அந்தக் கேள்வியைக் கேட்டுத்தான் அந்த லேனில் எல்லோரும் தங்கள் வேலைப் பெண்களைக் குறைந்த காசுக்கு வைத்திருந்தார்கள். அதனால் கேட்கவில்லை.

வேறு ஆள் வரும்வரை இருக்கிறேன் என்றாள். தன் சித்தி மகளைத் தானே எழுதிக் கூப்பிட்டாள். அவள் வந்த அன்றைக்கு முன்னறையில் என்னோடு அவர்கள் இரண்டு பேரும் கதிரையில் உட்கார்ந்து பேசினார்கள். பேசியது பெரும்பாலும் பாக்கியம்தான். முப்பது ரூபா, கையில், ஞாயிறு லீவு, படுக்கப் பாய் மட்டும் போதாது, மெத்தையும் வேணும். கடைசியாகச் சொன்னது எனக்குப் புதிது. அவள் என் வீட்டில் பாயில்தான் படுத்தாள். ஒரு நாளும் கேட்டதில்லை. இப்போது கேட்டாள், தனக்காக இல்லை. அந்தக் கிழமையே மெத்தை வாங்கினேன்.

மாதம் பிறந்ததும் பாக்கியம் எதிர்வீட்டுக்குப் போனாள்.

அடுத்த ஞாயிறு காலை நான் மீராவோடு படலையடியில் நின்றேன். எதிர்வீட்டுப் படலை திறந்தது. பாக்கியம் தலைவாரி, பூவைத்து, நல்ல சேலை கட்டிக்கொண்டு வெளியே வந்தாள். பின்னாலேயே பூமணி அக்கா, இடுப்பில் பேரன். அவன் பாக்கியத்தின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. அவள் அவனுடைய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டு, மீராவிடம் வந்து கன்னத்தைக் கிள்ளிவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாச்சு, பொழுதுபட வந்துருவேன் என்று இரண்டு வீட்டுக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டுக் காலி வீதி என்ற பஸ் ஓடும் பெருந்தெருவை நோக்கி நடந்தாள்.

என் பிள்ளை கையை நீட்டிக் கதறினாள். எதிரே அவருடைய பேரன் காலை உதைத்துக் கதறினான். நாங்கள் இரண்டு பேரும் ஆளுக்கொரு படலையில், ஆளுக்கொரு பிள்ளையோடு, அவள் தெரு முனையில் திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றோம். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

“எல்லாம் உம்மாலதான் பிள்ளை,” என்றார் பூமணி அக்கா.

“ஓம், என்னாலதான்,” என்றேன்.